‘பிளேபாய்’ நாடகத்தில் நீங்கள் யார் கட்சி? நான் விதவை குவின் கட்சி

கடலோரவாசகி | #1

ஜே.எம். சிங் எழுதிய ‘மேற்குலகின் பிளேபாய்’ நாடகத்தை இந்த வாரம் இரண்டாம் தடவையாகப் படித்தேன். முதல் தடவை கல்லூரியில், பரீட்சைக்காக. அப்போது பெகீன் மைக்தான் மனசில் நின்றாள். கடைசியில் தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு, போய்விட்டானே என்று ஓவென்று அழுகிறாளே, அந்த ஒரு காட்சியை வைத்தே பத்து மதிப்பெண் கட்டுரை எழுதிவிடலாம். இப்போது இருபது வருஷம் கழித்துப் படிக்கும்போது பெகீன் பக்கம் மனசு போகவே இல்லை. பக்கத்துக் குன்றில் தனியாக இருக்கிறாளே விதவை குவின், அவள் பின்னாலேயே போனது.

படிக்காதவர்களுக்குக் கதை: அயர்லாந்தின் மேற்குக் கரையில் மேயோ மாவட்டம், கடலோரத்தில் ஒரு மதுக்கடை. கடைக்காரர் மைக்கேல் ஜேம்ஸின் மகள் பெகீன், இருபது வயசு, வாய் நீளம். அவளுக்கும் ஷான் கியோ என்ற தொடைநடுங்கி உறவுக்காரனுக்கும் கல்யாணம் பேசி வைத்திருக்கிறார்கள். ஒரு ராத்திரி அழுக்கும் பயமுமாக ஒரு பையன் உள்ளே வருகிறான், பெயர் கிறிஸ்டி மஹோன். என்ன குற்றம் செய்துவிட்டு ஓடி வந்தாய் என்று ஆளுக்கு ஒன்றாகக் கேட்டுத் துளைக்கிறார்கள். கடைசியில் அப்பாவை மண்டையில் அடித்துக் கொன்றுவிட்டேன் என்கிறான். ஊர் அரண்டு போகும் என்றுதானே நினைப்போம்? இல்லை, கொண்டாடுகிறது. கடையில் வேலை கிடைக்கிறது, பெகீன் மயங்குகிறாள், ஊர்ப் பெண்கள் வாத்து முட்டையும் வெண்ணெயும் கொண்டு வந்து கொடுக்கிறார்கள். மறுநாள் காலையில் மண்டையில் கட்டுப் போட்டுக்கொண்டு அப்பா உயிரோடு வந்து நிற்கிறார். முழுக் கதையும் ஒரு ராத்திரி ஒரு பகலில் முடிந்துவிடுகிறது.

சரி, என் கேள்வி இதுதான். இந்த நாடகத்தில் நிஜமாகவே ஒரு ஆளைக் கொன்றவள் விதவை குவின் ஒருத்திதான். துருப்பிடித்த பழைய கொத்துக் கோடாலியால் புருஷனை அடித்தாள், துரு ரத்தத்தில் கலந்து கொஞ்ச நாளில் செத்துப்போனான். கிறிஸ்டி ஒருத்தரையும் கொல்லவில்லை. ஆனால் மாலை மரியாதை எல்லாம் அவனுக்கு. இவள் ஊருக்கு வெளியே ஒரு குடிசையில் இருக்கிறாள், அவளைப் பற்றிச் சொல்ல ஊரிடம் இருப்பது வம்பு மட்டும்தான். ஏன்?

அரைகுறை_அறிவன் | #2

சிங் என்ற பெயரைப் பார்த்து ஏதோ பஞ்சாபி எழுத்தாளர் என்று நினைத்து உள்ளே வந்தேன். ‘பிளேபாய்’ என்ற சொல்லைப் பார்த்து வேறு ஒன்று நினைத்தும் வந்தேன். இரண்டிலும் ஏமாந்துவிட்டேன், ஆனால் கதை நன்றாக இருக்கிறது, தொடருங்கள்.

பழையமேடை | #3

அறிவரே, அந்த ஏமாற்றம் உங்களுக்கு மட்டும் இல்லை. இன்றைக்கு நாம் பிளேபாய் என்றால் பெண் பின்னால் சுற்றுகிற பணக்காரன் என்று எடுத்துக்கொள்கிறோம். சிங் காட்டும் அயர்லாந்தில் அந்தச் சொல்லுக்குள் விளையாட்டு வீரன், கில்லாடி, ஊரை ஏய்க்கிற வாய்ஜாலக்காரன் எல்லாம் சேர்ந்து கிடக்கும். கிறிஸ்டி மூன்றுமாக ஆகிறான். கடற்கரையில் கோவேறு கழுதைப் பந்தயத்தில் ஜெயிக்கிறான், பேச்சில் ஜெயிக்கிறான், ஏமாற்றியதிலும் ஜெயிக்கிறான். தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் தேடினேன், ‘கில்லாடி’தான் ஓரளவு ஒட்டுகிறது. ‘மேற்குலகின் கில்லாடி’ என்று போட்டால் மேற்கு மாம்பலத்து நகைச்சுவை நாடகம் மாதிரி இருக்கிறது என்பது வேறு விஷயம்.

சிங் டப்ளின் பக்கத்தில் ராத்ஃபார்ன்ஹமில் 1871-ல் பிறந்து 1909-ல் முப்பத்தேழு வயதில் புற்றுநோயில் இறந்தவர். 1898-லிருந்து, அயர்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கிற அரன் தீவுகளுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். அப்பாவை மண்வெட்டியால் அடித்துக் கொன்றுவிட்டு ஓடி வந்த ஒருவனைத் தீவு மக்கள் ஒளித்து வைத்து அமெரிக்காவுக்குக் கப்பலேற்றிய கதையை அங்கே ஒரு கிழவர் சொல்லியிருக்கிறார். இந்த நாடகத்தின் விதை அதுதான். தீவில் அப்படிக் காப்பாற்றியதற்குக் காரணம் உண்டு. போலீஸ் என்றால் அந்நிய பிரிட்டிஷ் ஆட்சியின் போலீஸ், சட்டம் என்றால் அவர்களுடைய சட்டம். அதிலிருந்து ஓடி வருகிறவனைக் காட்டிக் கொடுப்பதுதான் ஈனம். மேயோக்காரர்கள் கிறிஸ்டியைக் கொண்டாடுவதை வெறும் கோமாளித்தனம் என்று எடுத்துக்கொண்டால் இந்த வேர் போய்விடும்.

விதவை குவின் பற்றி யோசித்துவிட்டு வருகிறேன்.

எதிர்க்கட்சி | #4

மன்னிக்கவும் வாசகி, நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். விதவை குவின் ஒரு தரகர். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

கணக்குப் பாருங்கள். இரண்டாம் அங்கத்தில் ஷான் அவளிடம் வந்து கிறிஸ்டியை நீ கட்டிக்கொண்டு என் பெகீனை எனக்கு விட்டுவிடு என்று கெஞ்சுகிறான். உடனே பேரம். சிவப்புப் பசு, மலை ஆட்டுக்கடா, ரை தானிய வயல் வழியாக நடந்து போக உரிமை, செப்டம்பர் கடைசியில் மிக்கேல் திருநாளுக்கு ஒரு வண்டி எரு, மேற்குக் குன்றில் எரிமண் (விறகு மாதிரி எரிக்கிற மண்கட்டி) வெட்டிக்கொள்ள உரிமை. அத்தனைக்கும் அவன் தலையாட்டுகிறான். கொஞ்ச நேரத்தில் கிறிஸ்டியின் அப்பா உயிரோடு இருக்கிற ரகசியம் அவள் கைக்கு வந்துவிடுகிறது. வாயை மூடிக்கொள்ள அவனிடமும் பேரம்: வழி, கடா, எரு. இரண்டு பக்கமும் கமிஷன்! இவளைப் போய்ப் பாவம் என்கிறீர்கள்.

பெகீனைப் பாருங்கள். அந்த ஊரில் ஆசை என்ற ஒன்று இருக்கிற ஒரே ஆள் அவள்தான். நாடகம் தொடங்கும்போதே கல்யாணத்துக்குச் சாமான் எழுதிக்கொண்டிருக்கிறாள், மஞ்சள் கவுனுக்கு ஆறு கெஜம் துணி, உயரக் குதிகால் வைத்த பூட்ஸ், ஒரு தொப்பி, ஒரு பேன்சீப்பு, கூடவே கடைக்கு மூன்று பீப்பாய் கறுப்பு பீர். எல்லாம் ஒரே கடிதத்தில். கல்யாணமும் கடைச் சரக்கும் ஒரே பட்டியலில் வருகிற வாழ்க்கை அது. அதிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறவள் அவள் ஒருத்திதானே?

கடலோரவாசகி | #5

பேரம் பேசினாள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் என்ன கேட்கிறாள் என்று பாருங்கள். நகை கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை. எரு, எரிக்க மண், நடக்க வழி. ஆம்பிளை இல்லாத வீட்டில் ஒரு மழைக்காலத்தை ஓட்ட என்ன வேண்டுமோ அதைக் கேட்கிறாள். அது கமிஷன் இல்லை எதிர்க்கட்சி அண்ணா, வீட்டுச் செலவு.

அப்புறம், கிறிஸ்டியோடு பேரம் தொடங்குவதற்கு முன்னால் அவனிடம் அவள் பேசுகிற பேச்சை விட்டுவிட்டீர்கள். என் வீட்டுக்கு வந்துவிடு, சுவருக்கு வெள்ளையடிக்கக் கிளிஞ்சல் பொறுக்கலாம், வாத்துகளுக்கு ஒரு கூண்டு கட்டலாம், பழைய தோணிக்குப் புதுத் தோல் இழுத்துக் கட்டலாம் என்று கூப்பிடுகிறாள். வெயிலில் உட்கார்ந்து காலுறை தைப்பேன், உள்சட்டை தைப்பேன், சில நாள் கடலில் போகிற பாய்மரக் கப்பல்களைப் பார்த்துக்கொண்டு அதில் போகிற ஆண்களை நினைத்துக்கொண்டிருப்பேன் என்கிறாள். பல வருஷமாகத் தனியாக இருக்கிறவளுடைய பேச்சு அது. கிறிஸ்டி கேட்டுவிட்டு, நீ என் மாதிரியே இருக்கிறாய் என்கிறான். என் மாதிரி என்று தெரிந்தும் பெகீனுக்காகத்தான் உருகுகிறான். அதன் பிறகுதான் பேரம். ஆசைப்பட்டது கிடைக்காது என்று தெரிந்த நிமிஷத்தில், சரி, அந்த ஆட்டுக்கடாவையாவது கொடு என்கிறாள். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது.

என் கேள்விக்குப் பதிலும் பெகீன் வாயிலேயே இருக்கிறது. விதவை செய்த கொலையைப் பற்றிச் சொல்லும்போது, அது திருட்டுத்தனமான கொலை, அதில் பையன்கள் மத்தியில் ஒரு பெருமையும் கிடைக்கவில்லை என்கிறாள். கொன்றதில் தப்பில்லையாம். ரசிக்கிற மாதிரி கொல்லவில்லையாம்!

கால்வே_காற்று | #6

நான் அயர்லாந்தில் மேற்குப் பக்கம் மருத்துவமனை வேலையில் இருக்கிறேன், வந்து ஆறு வருஷம் ஆகிறது. இந்த நாடகத்தை மேடையில் ஒரு தடவை பார்த்தேன். மொழி பாதிதான் புரிந்தது. அவர்கள் பேசுவது ஆங்கிலம்தான், ஆனால் வாக்கியம் ஐரிஷ் மொழியின் நடையில் புரண்டு புரண்டு போகும், வினை வரும் என்று எதிர்பார்க்கிற இடத்தில் வராது.

கிறிஸ்டி அப்பாவை அடிக்கிற கருவியைப் பற்றி ஒரு விஷயம். ‘லாய்’ என்பார்கள். தமிழில் மண்வெட்டி என்று போட்டால் நமக்கு வேறு பொருள் கண்ணுக்கு வரும். நம் மண்வெட்டி இழுத்து வெட்டுவது, இது காலால் மிதித்துக் குத்துவது. நீளமான கனத்த மரத்தண்டு, நுனியில் ஒடுக்கமான இரும்பு, மிதிக்க ஒரு பக்கம் மட்டும் இடம். கல்லும் புல்லுமான நிலத்தில் உருளைக்கிழங்குக்கு மேட்டுப்பாத்தி போடுவதற்கு. இங்கே ஒரு காட்சிக்கூடத்தில் தூக்கிப் பார்த்தேன். இதால் ஒரு அடி வாங்கிவிட்டு ஊர் ஊராக நடந்து வந்த கிழவனுக்கு மண்டை இல்லை, அம்மிக்கல்.

அரங்கில் அதிகம் சிரிப்பு வாங்கியது யார் தெரியுமா? ஷான் கியோ.

அரைகுறை_அறிவன் | #7

ஷானைப் பற்றிப் பேச்சு வந்தது நல்லதாகப் போயிற்று, நான் ஷான் கட்சி. நேற்று ராத்திரி இந்த இழையைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து முழு நாடகத்தையும் படித்தேன். பெகீன் ராத்திரி கடையில் தனியாக இருக்கப் பயப்படுகிறாள், நீ துணைக்கு இரு என்கிறார் மாமனார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் ஃபாதர் ரெய்லி என்ன சொல்வார் என்று அலறிக்கொண்டு ஓடுகிறான். மாமனார் கோட்டைப் பிடிக்கிறார், கோட்டைக் கழற்றி அவர் கையில் விட்டுவிட்டு ஓடிவிடுகிறான். அப்படிப்பட்ட புண்ணியவான்.

ஆனால் என்னை விழுந்து விழுந்து சிரிக்க வைத்தது வேறு இடம். கிறிஸ்டிக்கு இவ்வளவு மவுசா என்று வயிறெரிந்து போய்ச் சொல்கிறான், அனாதையாக இருப்பது எவ்வளவு கஷ்டம், கொன்று பேர் வாங்குவதற்குக்கூட ஒரு அப்பன் இல்லையே என்று. இந்த ஒரு வசனத்துக்காக சிங்குக்குக் கோயில் கட்டலாம்.

அவன் கெட்டவனும் இல்லை. போட்டிக்கு வந்தவனை அடிக்கப் போகவில்லை, அமெரிக்காவுக்குப் பாதி டிக்கெட்டும் புதுத் தொப்பியும் கோட்டும் கால்சட்டையும் கொடுத்துக் கையைக் கட்டி நிற்கிறான். அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் கிறிஸ்டி அவன் பெண்ணையே மயக்குகிறான்! நாமெல்லாம் வெளியே கிறிஸ்டி, உள்ளே ஷான். ஒத்துக்கொள்ளுங்கள்.

எதிர்க்கட்சி | #8

ஷான் கெட்டவன் இல்லையா? ஊரார் கிறிஸ்டியைக் கயிற்றில் கட்டும்போது பார்த்தீர்களா? கட்டப்பட்டவன் பக்கத்தில் போக எல்லோருக்கும் தைரியம் வந்துவிடும். ஷான் காலைக் கிறிஸ்டி கடித்து வைத்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்தக் காட்சிதான் பெகீனைப் பற்றிப் பேச வேண்டிய இடமும். நான் அவளுக்கு வக்காலத்து வாங்குகிறேன், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இல்லை. அப்பா உயிரோடு வந்ததும் கிறிஸ்டி பொய்யன் என்று தெரிகிறது. அவன் பேரை மீட்க மறுபடி லாயைத் தூக்கிக்கொண்டு ஓடி, இந்தத் தடவை ஊர் பார்க்க அடித்துப் போடுகிறான். இப்போது நிஜமாகவே கொலைகாரன் (என்று எல்லோரும் நினைக்கிறார்கள்). ராத்திரி கொண்டாடிய அதே ஊர் இப்போது தூக்குக்கயிறு என்கிறது. பெகீன்தான் எரிகிற எரிமண் கட்டியை எடுத்து அவன் காலில் சூடு வைக்கிறாள். வெளியூர்க்காரன் அதிசயம்தான், ஆனால் வீட்டுக் கொல்லையில் நடந்த சண்டையையும் லாயால் விழுந்த அடியையும் பார்த்த பிறகுதான், கேட்ட கதைக்கும் செய்த அசிங்கத்துக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது என்று தெரிந்தது, என்று ஏறக்குறைய அப்படிச் சொல்கிறாள்.

இதைச் சொல்கிறவள் முட்டாள் இல்லை. ஒரு நாளைக்குள் அவ்வளவு தூரம் வந்தவள். விதவை குவின் அந்த அளவுக்கு ஏதாவது கண்டுபிடித்தாளா?

கடலோரவாசகி | #9

அவளுக்குக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? அந்தப் பள்ளத்துக்குள்ளேயேதானே குடியிருக்கிறாள்.

நிலாமுற்றம் | #10

இவ்வளவு நாள் மௌனமாகப் படித்துக்கொண்டிருந்தவள், முதல் பதிவு. இரண்டு விஷயம்.

ஒன்று, நாடகத்தில் விதவை குவினுக்குச் சொந்தப் பெயரே கிடையாது. சின்ன வேஷத்தில் வருகிற ஊர்ப் பெண்களுக்கெல்லாம் பெயர் இருக்கிறது, சாரா டான்சி, சூசன் பிரேடி, ஹானர் பிளேக். மேடைக்கே வராத, செத்துப்போன கேட் காசிடிக்குக்கூடப் பெயர் உண்டு. இவளுக்குக் கொன்ற புருஷனின் குடும்பப் பெயர்தான்.

இரண்டாவது, முதல் அங்கத்தில் பெகீன் ஷானைத் திட்டும்போது இந்த ஊரில் முன்னெல்லாம் எப்பேர்ப்பட்ட ஆம்பிளைகள் இருந்தார்கள் என்று பெருமூச்சு விடுவாள். போலீஸ்காரன் கண்ணைப் பெயர்த்த டனீன் சல்லிவன். அடுத்து மார்கஸ் குவின், ஆடுகளை ஊனமாக்கி ஆறு மாசம் உள்ளே போனவன், அயர்லாந்தின் பழங்கதைகளைச் சொல்லிக் கிழவிகளைக் கண்ணீர் விட வைப்பவன், ‘ஆண்டவன் அவனுக்கு அமைதி கொடுக்கட்டும்’. அதாவது செத்துவிட்டான். குவின்! இவன்தான் விதவையின் புருஷன் என்று நாடகம் எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சின்ன ஊரில் எத்தனை குவின்கள் இருப்பார்கள்? அப்படி எடுத்துக்கொண்டால் பெகீன் ஏங்குகிற கதைசொல்லி வீரனோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்திப் பார்த்தவள் விதவை. நடத்திப் பார்த்துவிட்டுக் கோடாலியால் அடித்தவள்.

அரைகுறை_அறிவன் | #11

ஐயோ. முதல் பதிவிலேயே இப்படி அடித்தால் நாங்களெல்லாம் எங்கே போவது.

கால்வே_காற்று | #12

நிலாமுற்றம், நல்ல ஊகம், ஊகமாகவே இருக்கட்டும். ஆனால் கிறிஸ்டிக்கும் விதவைக்கும் நடுவில் ஒரே ஒரு வித்தியாசம் வெளியூர் என்பது. அவன் செய்ததாகச் சொன்னது எங்கேயோ தூரத்து மலைச்சரிவில், பார்த்தவர் யாரும் இல்லை, அதனால் கதையை இழுத்துக்கொண்டே போகலாம். முதல் நாள் ராத்திரி அப்பா காலடியில் காலிச் சாக்கு மாதிரி சத்தம் போடாமல் விழுந்தார். மறுநாள் காலை பெண்கள் கேட்கும்போது மண்டை பிளந்து தொண்டைக்குழி வரைக்கும் போய்விட்டது, சாயந்திரம் வரைக்கும் விட்டிருந்தால் கணுக்காலுக்கு வந்திருக்கும். விதவையின் புருஷன் செத்ததை ஊரே பார்த்திருக்கும். துணி மாற்றியிருப்பார்கள், நாற்றம் அடித்திருக்கும். அதில் பாட்டு எங்கே வரும்?

பழையமேடை | #13

யோசித்துவிட்டு வருகிறேன் என்று போனவன் நேற்று முழுக்க மூன்றாம் அங்கத்தையே புரட்டிக்கொண்டிருந்தேன். வாசகி, உங்கள் கட்சிக்கு நான் இரண்டு சாட்சி கொண்டு வந்திருக்கிறேன்.

முதலாவது. நாடகத்தின் தலைப்பாக இருக்கிற சொற்றொடர் கடைசியில் பெகீன் வாயில் வந்து எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் அதை முதலில் சொன்னது யார்? விதவை. இரண்டாம் அங்கத்தில் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கிறிஸ்டியின் முன்னால் கிழவரை வேறு திசைக்கு அனுப்பிவிட்டு, நீதான் மேற்குலகின் பிளேபாய், இடுப்புவார் வரை பிளந்தேன் என்றாயே, அந்த ஆள் இதோ போகிறார் என்று சிரிக்கிறாள். அவள் கிண்டலாகச் சொன்னதைத்தான் கடைசியில் பெகீன் ஒப்பாரியாகச் சொல்கிறாள்.

இரண்டாவது. 1907 ஜனவரி 26, சனிக்கிழமை, டப்ளின் ஆபி அரங்கில் முதல் காட்சி. கலவரம் நடந்த கதை எல்லோருக்கும் தெரியும். அரங்கை நடத்தியவர்களில் ஒருவரான கவிஞர் யேட்ஸ் அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். ‘ஷிஃப்ட்’ என்ற சொல்லில் கூட்டம் கலைந்து ரகளை ஆகிவிட்டது என்று, அவரோடு அரங்கை நடத்திய கிரிகரி அம்மையார் தந்தி கொடுத்தார். பெண்கள் உள்ளே போடுகிற நீளச் சட்டைக்குப் பெயர் அது. அதைத் தேசத்துக்கே அவமானம் என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரமெல்லாம் கூச்சல், கால் தரையில் தட்டுவது, ஊதுகுழல், போலீஸ். பிப்ரவரி 4-ந் தேதி யேட்ஸ் அரங்கிலேயே பொது விவாதம் வைத்து மோதினார். 1911-ல் நாடகக் குழு நியூயார்க் போனபோது உருளைக்கிழங்கு வீசினார்கள், 1912 தொடக்கத்தில் ஃபிலடெல்ஃபியாவில் நடிகர்களையே கைது செய்தார்கள்.

‘ஷிஃப்ட்’ வருகிற அந்த வசனம் யாரிடம் பேசப்படுகிறது என்று யாராவது கவனித்தோமா? நானும் கவனித்ததில்லை, வெட்கமாக இருக்கிறது. அப்பாவை இரண்டாம் தடவை அடித்துவிட்டுக் கிறிஸ்டி உள்ளே வருகிறான். ஊர் தூக்குப் போட வருகிறது. அவனைக் காப்பாற்ற வந்தவள் விதவை. வா, ஓடிவிடலாம், உனக்கு இதைவிட நல்ல பெண்களை நான் தேடித் தருகிறேன் என்கிறாள். அதற்குத்தான் அவன் சொல்கிறான், எனக்குப் பெகீன் போதும், பொறுக்கியெடுத்த பெண்களை வெறும் உள்சட்டையோடு வரிசையாக நிறுத்தினாலும் வேண்டாம் என்று. முதல் நாள் கிறிஸ்டி வேஷம் போட்ட நடிகர் வில்லி ஃபே ‘மேயோப் பெண்கள்’ என்று மாற்றிச் சொல்லி எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியதாகவும் சொல்வார்கள். இன்னொரு வேடிக்கை, அதே ‘ஷிஃப்ட்’ இரண்டாம் அங்கத்தில் விதவையின் பேச்சிலேயே வருகிறது. வாசகி மேலே சொன்ன அந்த உள்சட்டை தைக்கிற இடம். அதற்கு ஒருவரும் எழுந்து போகவில்லை.

எதிர்க்கட்சி | #14

சரி, இதற்கு நான் தொப்பியைக் கழற்றுகிறேன். ஷான் கொடுத்த தொப்பி.

ஆனாலும் அவள் ஏன் காப்பாற்ற வருகிறாள்? அவளுக்குப் பேரம் பாக்கி இருக்கிறதே. பையன் தூக்கில் தொங்கினால் எரு வண்டி எப்படி வரும்?

கடலோரவாசகி | #15

நான் அந்த இடத்தை மறுபடி படித்துவிட்டு வந்தேன். பேரம் அப்போதே செத்துவிட்டது அண்ணா. கிறிஸ்டி கடைக்கு எஜமானன் ஆனால்தான் அவளுக்கு எரு. பெகீன் கைவிட்ட பிறகு, போலீசும் கயிறும் வருகிற நேரத்தில், அவளைத் தோணியில் ஏறச் சொன்னது எது? சாரா ஓடி வந்து தன் உள்பாவாடையை அவிழ்த்து நீட்டுகிறாள், இரண்டு பேருமாக அவனுக்கு அதைக் கட்டிப் பெண் வேஷத்தில் படகுக்கு இழுத்துப் போகப் பார்க்கிறார்கள். அக்கில் தீவுக்குப் போகிற படகு வரை நானே கொண்டு விடுகிறேன் என்கிறாள். அவனோ, உனக்குப் பொறாமை என்று ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அடிக்க வருகிறான். கொண்டாடிய ஊர் ஒரு பக்கம் கயிறு திரிக்கிறது, காதலி ஒரு பக்கம் கட்டியைப் பழுக்க வைக்கப் போகிறாள், கடைசி வரை அவன் உயிரை ஒரு உயிராக மதித்தவர்கள் இந்த இரண்டு பேர்தான். அவர்களைத்தான் ஸ்டூலால் விரட்டுகிறான்.

நிலாமுற்றம் | #16

கிழவர் மஹோனை யாரும் பேசவில்லையே. மகனைப் பற்றி அவர் சொல்கிற விவரம் ஒன்று போதும். வேலை செய்யாமல் புதரில் வயிற்றை வெயிலுக்குக் காட்டிப் படுத்திருப்பான், பெண் யாராவது வந்தால் ஓடி ஒளிந்துகொள்வான், ஒரு கிளாஸ் வாசனைக்கே போதை ஏறிவிடும். இந்த மனுஷன்தான் நாற்பத்தைந்து வயசு விதவையை, ஒரு கால் நொண்டி, ஒரு கண் குருடு, இவன் பிறந்தபோது ஆறு வாரம் பால் கொடுத்தவள், அவளைக் கட்டிக்கொள் என்று கழுத்தைப் பிடித்தது. லாய் மேலே போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆனால் அவரும் கதையில் பிழைக்கிறவர்தான். மகனைத் தேடி வருகிற வழியெல்லாம் பிளந்த மண்டையைக் காட்டி, நடந்ததைச் சொல்லி, நல்ல படுக்கையும் நாளைக்கு நாலு வேளை சாப்பாடும் வாங்கியிருக்கிறார். மகன் அடித்த கதையை விற்கிறான், அப்பா அடிபட்ட கதையை விற்கிறார், ஒரே அடி இரண்டு குடும்பப் படி. கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து கிளம்புகிறார்களே, அது சமாதானம் மாதிரி எனக்குத் தெரியவில்லை, இரண்டு கச்சேரிக்காரர்கள் ஒரே வண்டியில் ஏறிய மாதிரி இருக்கிறது. அதட்டுகிற வேலை மட்டும் இப்போது மகன் கையில்.

மட்டுறுத்துநர் | #17

ஐரிஷ் உருளைக்கிழங்குப் பஞ்சம், இன்றைய விசா விதிமுறை பற்றிய ஒன்பது பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே நாடகம் மட்டும்.

அரைகுறை_அறிவன் | #18

நல்லது ஐயா. நாடகத்துக்கே வருகிறேன். மைக்கேல் ஜேம்ஸுக்கு ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் பாவம். இழவு வீட்டுக்குப் போய் விடிய விடியக் குடித்துவிட்டு வருகிறார். அப்பாவைக் கொன்றதற்காகக் கிறிஸ்டியைத் திட்டவில்லை. யாருக்கும் சொல்லாமல் புதைத்துவிட்டானாம், கோவேறு கழுதை மேல் போட்டு இங்கே கொண்டு வந்திருந்தால் ஊரே சேர்ந்து குடித்து வழியனுப்பி இருக்கலாமாம். இதற்காகத் திட்டுகிறார். ஷான் மாதிரி நோஞ்சான் பேரன்களைவிடக் கிறிஸ்டி மாதிரி சண்டைக்காரப் பேரன்கள் மேல் என்று அவனுக்கே பெண்ணையும் கொடுக்கிறார். ஊரில் ஒழுங்குக்குப் பொறுப்பு ஃபாதர் ரெய்லி ஒருத்தர், அவரோ மேடைப்பக்கமே வரவில்லை.

ஒரு சந்தேகம் வாசகி. கடைசியில் விதவைக்கு என்னதான் கிடைத்தது? பசு, கடா, எரு, வழி, இதில் ஏதாவது ஒன்று?

கடலோரவாசகி | #19

ஒன்றும் இல்லை. கிறிஸ்டி கடைக்கு எஜமானன் ஆகவில்லை, அப்பாவோடு ஊரைவிட்டே போய்விட்டான். ஷானுக்கும் பெகீன் கிடைக்கவில்லை. இனி நம் கல்யாணம்தான் என்று பல்லை இளித்துக்கொண்டு வருகிறவனுக்குக் காதில் ஒரு அறை விழுகிறது. அவன் வாக்குக் கொடுத்த பசுவும் அவனோடு போயிற்று.

கிறிஸ்டி ஸ்டூலைத் தூக்கியதும் விதவை கிளம்புகிறாள் இல்லையா? இவனை ஜெயிலில் போடக்கூடாது, பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் போட வேண்டும், பின்வாசல் வழியாகப் போய் டாக்டரைக் கூட்டி வந்து எப்படியாவது காப்பாற்றலாம் என்று சொல்லிவிட்டு சாராவோடு போகிறாள். அதற்கப்புறம் அவளுக்கு ஒரு வசனம் இல்லை. டாக்டரும் வரவில்லை. அவள் டாக்டர் வீட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்போதுதான் உள்ளே கயிறு, சூடு, கடி, கிழவர் தவழ்ந்து வருவது, சமாதானம் எல்லாம் நடந்து முடிந்து நாடகமே முடிகிறது.

எதிர்க்கட்சி | #20

அப்படியென்றால் டாக்டரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்திருப்பாள். கடையில் பெகீன் அழுதுகொண்டிருப்பாள், மைக்கேல் மறுபடி குடிக்க உட்கார்ந்திருப்பார். டாக்டருக்குக் கூலி யார் கொடுத்தது?

கடலோரவாசகி | #21

அவள்தான் கொடுத்திருப்பாள். இல்லாவிட்டால் டாக்டரிடமும் ஏதாவது பேரம் பேசியிருப்பாள்.